குளத்து நீரில் உரம் மிகுந்தால்

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம் ஏரி ஒரு காலத்தில் நெல் வயல்களுக்குப் பாய்ந்த ஏரியாகும். வயல்கள் வீட்டுமனைகளாயின; வீடுகளின் கழிவுநீர் ஏரிக்குள் வந்தது; ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடியது. இந்த ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது.

பண்ணைக் குட்டையில் மீன் வளர்க்கும் நமக்கு இதனால் என்ன என்று விவசாயப் பெருமக்கள் கேட்கலாம். அங்கே ஏரியை மூடிய ஆகாயத்தாமரையையும், இங்கே குட்டையைப் பச்சையாக்கும் பாசியையும் ஊட்டி வளர்ப்பவை நாம் பயிருக்கு இடும் அதே தழைச்சத்தும் மணிச்சத்துமே. சாணம், மிஞ்சிய தீவனம், வயலிலிருந்து மழையில் அடித்து வரும் மண், மாட்டுத் தொழுவக் கழிவு ஆகிய எல்லாவற்றிலும் இவை உண்டு.

இவ்விரண்டில் மணிச்சத்தின் மீதே அதிகக் கண் வேண்டும். 1973-இல் கனடா நாட்டில் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரிச்சத்தும் தழைச்சத்தும் மட்டும் இட்டனர். மறு பாதியில் இவற்றுடன் மணிச்சத்தும் சேர்த்தனர். மணிச்சத்து பெற்ற பாதியே பச்சைப்பசேலென மாறியது. தழைச்சத்து போதாவிட்டால் நீலப்பச்சைப்பாசிகளில் பல வகைகள் அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நெல் வயலில் நாம் விரும்பி இடும் அதே இனம்தான். மணிச்சத்தைக் காற்றிலிருந்து பெற வழியில்லை.

பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவும் சுவாசிக்கும். எனவே விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். மேகமூட்டம் இரண்டு மூன்று நாள் நீடித்தால் ஆபத்து அதிகம். கட்லாவும் ரோகுவும் விடியலில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். மோட்டார் வைத்து நீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள். பலர் பதறிப்போய்ச் சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள், அது தவறு. கார நிலை உயர்ந்தால் நீரிலுள்ள அம்மோனியா மேலும் நஞ்சாகும்.

அந்த நிலை வராமல் காக்க ஓர் எளிய சோதனை உண்டு. நல்ல வெயிலில் கையை முழங்கை வரை நீரில் விடுங்கள். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்து, நீரும் பச்சையாக இருந்தால் உரம் போதும் என்று பொருள். சேற்றால் கலங்கிய நீருக்கு இச்சோதனை பொருந்தாது.

பாசியையும் ஆகாயத்தாமரையையும் களைக்கொல்லி தெளித்துக் கொல்வது வீண் வேலை. செத்தவை அடியில் மூழ்கி அழுகும், பிராணவாயு குறையும், சத்தும் நீருக்கே திரும்பும். வாரிக் கரையில் குவித்து வைத்தாலும் அடுத்த மழை அதைக் குட்டைக்கே கொண்டுவந்து சேர்க்கும். எடுத்ததைக் குட்டையை விட்டு அப்பால் கொண்டுபோக வேண்டும். கழிவுநீர் கலக்காத குட்டையின் ஆகாயத்தாமரையை, பூப்பதற்கு முன் எடுத்து, சாணத்துடன் மட்கவைத்து வயலுக்கு இடலாம். நகர்ப்புற ஏரியில் எடுத்ததை அப்படிச் செய்யக்கூடாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அச்செடி உறிஞ்சி வைத்திருக்கக்கூடும்.

மேலே சுத்தம் செய்த பின்னும் அடிச்சேறு இருக்கிறது. பல ஆண்டு மணிச்சத்து அங்கே இரும்புடன் பிணைந்து கிடக்கும்; அடியில் பிராணவாயு அற்றுப்போனால் பிணைப்பு விடுபட்டு நீருக்கு ஏறும். ஆகவே கோடையில் குட்டை வற்றும்போது கறுத்த சேற்றை வழித்து எடுங்கள். மண் பரிசோதனை செய்து, மணிச்சத்து குறைந்த வயலில் அதைப் பரப்புங்கள். அந்த வயலுக்கு இடும் டி.ஏ.பி.யைப் பரிசோதனை முடிவுக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

செம்பாக்கத்தில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து எடுத்துக்கொண்ட சீரமைப்பிலும் தூர் வாருவதோடு, உள்ளே வரும் கழிவுநீரைச் செடிகளைக் கொண்டு வடிகட்டுவதும் திட்டத்தில் இடம்பெற்றது. வரத்தை அடைக்காமல் வாரிக்கொண்டே இருந்தால் வேலை முடியாது. உங்கள் குட்டைக்கு வயல்நீர் வரும் பக்கத்தில் நான்கைந்து அடி அகலத்துக்குப் புல் வளர விடுங்கள். தொழுவ நீரைத் தென்னைக்குத் திருப்புங்கள்.