ஐம்பது ஆண்டு வாழ்ந்தாயிற்று, அத்தாட்சி எங்கே?

நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையை பிரிட்டிஷ் சட்டம் தந்தது. அதற்கான காகிதத்தைத் தரவில்லை. குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான் பழைய குடியேறிகள் பலருக்கு இந்தச் சிக்கல் புரிகிறது. அவர்களில் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

பாலெட் வில்சன் 1968-ல் ஜமைக்காவிலிருந்து சிறுமியாக பிரிட்டன் போய்ச் சேர்ந்தவர். அங்கேயே படித்து, வேலை பார்த்து, மகளைப் பெற்று, பேத்தியையும் கண்டவர். நாடாளுமன்ற உணவகத்தில் ஒரு காலத்தில் சமையல் வேலை. 34 ஆண்டுகள் நேஷனல் இன்ஷூரன்ஸ் சந்தா கட்டிய கணக்கு அரசிடமே இருந்தது. அப்படியும் 2015-ல், சட்ட விரோதமாகத் தங்கியிருப்பவர் என்று அவருக்குக் கடிதம் வந்தது. 2017 அக்டோபரில் யார்ல்ஸ் வுட் தடுப்புக் காவல் மையத்தில் ஒரு வாரம் அடைக்கப்பட்டார். ஐம்பது ஆண்டுகளாகக் கண்ணால்கூடப் பார்க்காத ஜமைக்காவுக்கு அவரை அனுப்ப ஏற்பாடாயிற்று. தொகுதி எம்.பி.யும் ஒரு தொண்டு நிறுவனமும் கடைசி நேரத்தில் குறுக்கிட்டதால் தப்பினார்.

அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. பிரிட்டனில் நிரந்தரமாக வாழும் உரிமை அவருக்கு எப்போதும் இருந்தது. அதை எழுதிக் காட்டும் காகிதம்தான் இல்லை.

2018-ல் பிரிட்டிஷ் அரசியலையே உலுக்கிய 'விண்ட்ரஷ்' விவகாரத்தின் மையம் இதுதான். 1948 ஜூன் 22-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலின் பெயர் அந்தத் தலைமுறைக்கே நிலைத்துவிட்டது. ஆனால் இது கரீபியர்களின் கதை மட்டுமல்ல. 1971-க்கு முன் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து, குடியுரிமை நிலை தெளிவில்லாமல் வாழ்வோர் 57,000 பேர் வரை இருக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குடியேற்ற ஆய்வு மையம் அப்போது மதிப்பிட்டது. அதில் ஜமைக்காவில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். அடுத்த இடம் இந்தியாவுக்கு, ஏறத்தாழ 13,000 பேர்.

சட்டம் தந்த வரம்

சிக்கலின் வேர் 1971-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. 1973 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அன்றைய தினம் பிரிட்டனில் நிலையாகக் குடியிருந்த காமன்வெல்த் குடிமக்களுக்கு, காலவரம்பின்றித் தங்கும் உரிமை தானாகவே கிடைத்தது. விண்ணப்பம் போட வேண்டியதில்லை. அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. தாராளமான ஏற்பாடுதான். ஆனால் யாருக்கெல்லாம் அந்த உரிமை கிடைத்தது என்று அரசு ஒரு பட்டியல்கூடத் தயாரிக்கவில்லை. ஒரு சான்றிதழும் வழங்கவில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. பிரிட்டிஷ் குடிமகன் என்றோ, சட்டத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெற்றவர் என்றோ ஒருவர் சொல்லிக்கொண்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே. ஒரு கையால் உரிமையைக் கொடுத்த சட்டம், நிரூபிக்கும் சுமையை மறு கையால் தலையில் ஏற்றியது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு யாரும் கேட்கவில்லை என்பதால் அந்தச் சுமை தெரியவில்லை.

இந்தியர்களின் நிலைமை இன்னும் வேடிக்கையானது. 1962 ஜூலை வரை காமன்வெல்த் குடிமக்கள் தடையின்றி பிரிட்டன் போகலாம். அதன் பிறகு வேலைக்கான வவுச்சர் வேண்டும். இப்படிப் போனவர்கள் சௌத்ஹாலின் ரப்பர் தொழிற்சாலையிலும், பிராட்ஃபோர்டின் ஜவுளி ஆலைகளிலும், மத்திய இங்கிலாந்தின் வார்ப்படப் பட்டறைகளிலும் உழைத்தார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு டாக்டர்கள் போனார்கள். வீட்டுக் குழந்தைகள் பலரும் தாய் அல்லது தந்தையின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கப்பட்டுப் போனவர்கள். தங்கள் பெயரில் தனி பாஸ்போர்ட்டே கிடையாது.

இவர்களில் பலர் ஏன் குடியுரிமை வாங்கவில்லை? அவசியம் தோன்றவில்லை என்பதே பதில். காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், பிரிட்டனில் குடியிருக்கும் இந்தியர்கள் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அங்கு பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம், இன்றும் அப்படித்தான். இந்தியாவோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். ஊரில் நிலமும் உறவும் உள்ளவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. 1981-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பழைய குடியேறிகளுக்குப் பதிவு செய்துகொள்ளும் எளிய வழியை 1987 இறுதி வரை திறந்து வைத்திருந்தது. அந்தக் கதவு மூடியதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை.

கேள்வி கேட்ட காலம்

2012-ல் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே, சட்ட விரோதக் குடியேறிகளுக்கு பிரிட்டனில் வாழ்வதையே கடினமாக்கும் கொள்கையை அறிவித்தார். 2014, 2016-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதற்குப் பல் முளைக்க வைத்தன. வேலை கொடுப்பவர், வீட்டு உரிமையாளர், வங்கி, மருத்துவமனை என எல்லாரும் காகிதம் கேட்கத் தொடங்கினார்கள். பழைய குடியேறிகள் வசமாகச் சிக்கியது இங்கேதான். ஆண்டுவாரியாக ஆவணம் காட்டச் சொன்னால், 1974-ன் சம்பளச் சீட்டையும் 1981-ன் வாடகை ரசீதையும் யார் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்?

வெந்த புண்ணில் வேலாக இன்னொரு செய்தி 2018-ல் வெளிவந்தது. கப்பலில் வந்திறங்கியவர்கள் பூர்த்தி செய்து கொடுத்த பழைய வருகை அட்டைகளை உள்துறை 2010-ல் அழித்துவிட்டிருந்தது. அட்டை வந்த தேதியை மட்டுமே சொல்லும், தொடர்ந்து குடியிருந்ததைச் சொல்லாது என்பது அரசுத் தரப்பு விளக்கம். வந்த தேதியையாவது சொல்லியிருக்குமே என்பது பாதிக்கப்பட்டவர்களின் ஆதங்கம்.

குறைந்தது 83 பேர் தவறாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டிருக்கலாம் என்று அரசின் பரிசீலனையிலேயே தெரிந்தது. 2018 ஏப்ரல் 29-ல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய, தவிர்த்திருக்கக்கூடிய தவறு என்று வெண்டி வில்லியம்ஸ் தயாரித்த விசாரணை அறிக்கை 2020 மார்ச்சில் கூறியது.

பரிகாரமாக 2018 மே மாதம் விண்ட்ரஷ் திட்டம் பிறந்தது. 1973-க்கு முன் குடியேறித் தொடர்ந்து வாழும் காமன்வெல்த் குடிமக்களும், அவர்களோடு சிறு வயதில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளும் குடியுரிமைக்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். 1988 இறுதிக்குள் வந்து நிரந்தர உரிமை பெற்றவர்கள், எந்த நாட்டவராயினும், அந்த உரிமைக்கான சான்றை இலவசமாகப் பெறலாம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து போன தமிழர்களில் சிலருக்கும் இது பொருந்தும். முக்கியமான மாற்றம், நிரூபண அளவுகோலில். எள்ளளவும் சந்தேகமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உண்மையாக இருக்கும் என்று தோன்றினால் போதும். வரித்துறை, சமூக நலத்துறைப் பதிவுகளை அதிகாரிகளே தேடிப் பார்க்கவும் வேண்டும். 16,000-க்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் ஆவணம் பெற்றார்கள்.

அப்படியும் எல்லாருக்கும் எளிதாக அமையவில்லை. 1960-ல் மூன்று வயதில் வந்த ஹியூபர்ட் ஹோவர்டுக்கு, நன்னடத்தை விதியைக் காட்டிக் குடியுரிமை மறுக்கப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019 அக்டோபரில் அது கிடைத்தது. அடுத்த மாதம் அவர் இறந்துபோனார்.

இரண்டு நிரூபணங்கள்

விண்ட்ரஷ் வரம்புக்குள் வராதவர்கள் வழக்கமான பாதையில்தான் போக வேண்டும். அதன் நிபந்தனைகள் தெளிவானவை. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும். அதில் வெளிநாட்டில் கழித்த நாட்கள் 450-ஐத் தாண்டக் கூடாது. கடைசி ஆண்டில் 90-ஐத் தாண்டக் கூடாது. கடைசி 12 மாதங்கள் காலவரம்பற்ற உரிமையோடு இருந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்களுக்கு மூன்று ஆண்டுகளும் 270 நாட்களும் கணக்கு. ஆங்கிலத் தேர்ச்சியும், பிரிட்டிஷ் வாழ்க்கை பற்றிய 24 கேள்விகள் கொண்ட தேர்வும் உண்டு. 65 வயதானவர்களுக்கு இவை இரண்டிலும் விலக்கு. கட்டணம் 2025 ஏப்ரலில் 1,735 பவுண்டாக உயர்ந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். விண்ணப்பம் தள்ளுபடியானால் பதவியேற்பு விழாவுக்கான 130 பவுண்டு மட்டுமே திரும்ப வரும்.

கடந்த ஐந்து ஆண்டுக் கணக்கைக் காட்டுவது பெரும்பாலோருக்குச் சிரமமில்லை. பழைய உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில்தான் சிக்கல். இங்கே நிரூபிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நிரந்தர உரிமை எப்போதோ கிடைத்தது. இரண்டு, இடையில் அது காலாவதியாகவில்லை. தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அந்த உரிமை போய்விடும். வயதான தாயைக் கவனிக்க ஊருக்கு வந்து இரண்டரை ஆண்டு தங்கிவிட்டவர், பாஸ்போர்ட்டில் பழைய முத்திரை அழியாமல் இருப்பதைக் காட்டி மட்டும் தப்ப முடியாது. திரும்பிக் குடியேறும் விசா பெற்றே போக வேண்டும்.

இந்தியப் பெயர்களும் தொல்லை கொடுக்கும். தமிழரின் இனிஷியல் ஓர் ஆவணத்தில் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக இருக்கும். மூன்றாவதில் காணாமலே போகும். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. எல்லாம் ஒரே ஆள்தான் என்பதை விண்ணப்பத்திலேயே விளக்கிவிடுவது நல்லது.

எங்கே தேடுவது?

முதல் இடம், வீட்டுப் பெட்டி. காலவரம்பு இல்லை என்ற முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டே தலையாய சான்று. புது பாஸ்போர்ட் வந்ததும் பழையதைத் தூக்கி எறிந்தவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். முத்திரை இல்லாத பழைய பாஸ்போர்ட்டுக்கும் மதிப்பு உண்டு. அது வழங்கப்பட்ட இடம் லண்டன் என்றிருந்தால், அந்த ஆண்டில் அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதுவே ஒரு தடயம். இந்தப் பெட்டி பிரிட்டனில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருச்சியிலோ ஜலந்தரிலோ அண்ணன் வீட்டுப் பரணில் கிடக்கலாம். தபால் முத்திரையோடு கூடிய பழைய விமானக் கடிதங்கள்கூடத் துணைச் சான்றாக உதவலாம்.

இரண்டாவது, உள்துறையின் கோப்பு. தன்னைப் பற்றி அரசிடம் உள்ள பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. 2018 முதல் இதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. முத்திரை தொலைந்தாலும், அது குத்தப்பட்ட விவரம் கோப்பில் இருக்கக்கூடும்.

மூன்றாவது, மற்ற பதிவேடுகள். வரித்துறையின் நேஷனல் இன்ஷூரன்ஸ் கணக்கு, குடும்ப டாக்டரிடம் உள்ள மருத்துவப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கவுன்சில் வரி ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை ஆண்டுகளை ஒன்றோடொன்று கோத்துக் கொடுக்கும். 1960 வரை கப்பலில் வந்தவர்களின் பயணிகள் பட்டியல் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1947 முதலான வாக்காளர் பட்டியல்களை பிரிட்டிஷ் நூலகம் சேகரித்து வைத்திருக்கிறது. குடியுரிமை வாங்காமலே வாக்களித்த இந்தியருக்கு, அந்த வாக்காளர் பட்டியலே இன்று சாட்சியாகிறது.

இத்தனையையும் திரட்டியவர்கள் நேராகக் குடியுரிமைக்குத் தாவாமல், முதலில் காலவரம்பற்ற உரிமையைப் புதிய வடிவத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. பழைய முத்திரையை இணைய வழி இ-விசாவாக மாற்றித் தரும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. சிக்கல் எதுவும் இருந்தால், குடியுரிமைக் கட்டணத்தைப் பணயம் வைக்கும் முன்பே அது தெரிந்துவிடும். குடியிருப்பு அடையாள அட்டைகள் 2024 இறுதியோடு முடிவுக்கு வந்தன. வேலைக்கும் வீட்டுக்கும் உரிமையைக் காட்ட, இனி இணையப் பதிவே வழக்கமான வழி.

அவசரத்துக்கு அரசியல் காரணமும் உண்டு. நிரந்தர உரிமை பெறக் காத்திருக்கும் காலத்தை ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளாக்கும் யோசனையை லேபர் அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. தாங்கள் ஆட்சிக்கு வந்தால் அந்த உரிமையையே ஒழிப்போம் என்று நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. பெயரில் நிரந்தரம் இருந்தாலும், இது ஒரு சட்டம் தந்ததை இன்னொரு சட்டம் எடுத்துவிடக்கூடிய உரிமை. குடியுரிமையை அப்படி எளிதில் எடுத்துவிட முடியாது.

எண்பதை நெருங்கும் பழைய குடியேறிகளுக்கு இந்த வேலையைத் தனியாகச் செய்வது கடினம். செய்ய வேண்டியவர்கள் பிள்ளைகளும், இந்தியாவில் உள்ள உறவினர்களும்தான். அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, மூலை வெட்டி ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட் கையில் கிடைத்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் எடுத்து வைக்கட்டும்.