கேலிக்கு ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

பேட்டி எடுக்கப்படாதவர்கள்

பள்ளியில் குண்டு என்று கேலி செய்தார்கள், அந்த வைராக்கியத்தில்தான் ஜெயித்தேன் என்று சாதனையாளர்கள் பேட்டி கொடுக்கும்போது, கேட்கிறவர்களுக்கும் ஒரு திருப்தி. ஆனால் அதே கேலிக்குப் பயந்து, விளையாட்டு பீரியடில் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளையை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதால், கேலிக்குச் சேரக்கூடாத பெருமை போய்ச் சேர்கிறது. பயிற்சியும், கூட நின்றவர்களும், கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான் அவர்களை மேலே கொண்டுவந்திருக்கும். கேலி, அவர்கள் சுமந்துகொண்டே ஓடிய பாரம்.

தராசு சொல்வது

இது வெறும் அனுதாபப் பேச்சு இல்லை. இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 2,944 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த லண்டன் ஆய்வாளர்கள் 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். எடைக்காக அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 0.71 கிலோ குறைந்திருந்தது. பருமனானவர்கள்தானே அதிகம் கேலிக்கு ஆளாவார்கள், எடை கூடியதற்கு அந்தப் பருமனே காரணமாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வின் தொடக்கத்தில் இருந்த எடையையும் கணக்கில் எடுத்துத்தான் இந்த வித்தியாசத்தைச் சொல்கிறார்கள். காரணமும் புரியாத புதிர் அல்ல. அவமானம் மனஅழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தத்தில் கை இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேடுகிறது. நாலு பேர் பார்ப்பார்களே என்று காலை நடையும் நின்றுபோகிறது.

வைராக்கியம் இருந்தும்

வைராக்கியம் போதாததால்தான் இளைக்கவில்லை என்ற வாதமும் நிற்காது. எடைக்குறைப்புப் போட்டியான அமெரிக்காவின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. 30 வாரங்களில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். வைராக்கியத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. அதாவது, ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு! உடலைத் தண்டித்து வேகமாக இளைக்க வைத்தால், அது சிக்கனத்துக்கு மாறிக்கொள்கிறது.

அப்படியானால் எடை கூடினால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அதிக எடை. நம்மவர்களுக்கு மேலைநாட்டினரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆனால் இதைச் சொல்வது வேறு, கல்யாண வீட்டுப் பந்தியில் ‘என்னம்மா, ஒரு சுத்து பெருத்துட்டே?’ என்று கேட்பது வேறு. முன்னதில் செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. பின்னதில் கூனிக்குறுகுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. ‘நல்லதுக்குத்தானே சொல்றோம்’ என்பவர்கள் தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை என்று எடை கூட எத்தனையோ காரணம் உண்டு என்பதை விசாரிப்பதில்லை. மருத்துவமனையிலும் இது நடக்கிறது. மூட்டைத் தொட்டுப் பார்க்காமலேயே ‘முதல்ல வெயிட்டைக் குறைங்க’ என்று அனுப்பப்பட்டவர், அடுத்த முறை சர்க்கரை பார்க்க வரவும் தயங்குவார்.

கேலி எல்லோரையும் பருமனாக்குவதும் இல்லை. சிலரைப் பட்டினியில் தள்ளுகிறது, அது இன்னும் ஆபத்து. வளரும் பிள்ளை அடிக்கடி சாப்பாட்டைத் தட்டிக் கழித்தாலோ, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாலோ, மாதவிடாய் நின்றுபோனாலோ டயட் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.