ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதி நீர்ப்பகுப்பாய்வில் புறஊதா–கட்புல நிறமாலை ஒளிமானி: செயற்பாடும் தெரிவும்

ஆய்வுச்சுருக்கம்

நிறமாலை ஒளிமானி வாங்குவோர் அலைநீள எல்லையையே முதலில் நோக்குகின்றனர். ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியின் நீர் மாதிரிகளைக் கொண்டு நோக்கின், ஒளி கடந்து செல்லும் கலத்தின் நீளம் அதனினும் முதன்மை பெறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உட்கவர்வு, கலநீளம், குரோமியம், ஃபுளோரைடு, தவறொளி

முன்னுரை

தென்பெண்ணையாறு பெங்களூருப் பகுதியின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அங்கு நுரை பொங்குவது பலமுறை செய்தியாகியுள்ளது. ஓசூரில் வாகன உதிரிப்பாகத் தொழிலைச் சார்ந்து உலோக முலாம் பூசும் பட்டறைகள் இயங்குகின்றன. கிருஷ்ணகிரியின் நிலத்தடி நீரிலோ ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று இதன் பாதிப்பைத் தணிப்பதே. எனவே இப்பகுதிக் கல்லூரி ஆய்வகம் சலவைப்பொருள், ஆறிணைதிறக் குரோமியம், ஃபுளோரைடு ஆகியவற்றையும், விளைநிலக் கிணறுகளின் நைட்ரேட்டையும் அளக்க வேண்டியுள்ளது.

செயற்படும் முறை

கட்புலப் பகுதிக்கு டங்ஸ்டன்–ஹாலஜன் விளக்கும் புறஊதாப் பகுதிக்கு டியூட்டீரிய விளக்கும் ஒளி தருகின்றன. கீற்றணி அவ்வொளியை அலைநீளவாரியாகப் பிரிக்க, பிளவு ஒரு குறுகிய பட்டையை மட்டும் கலத்தினுள் விடுகிறது. படும் ஒளிக்கும் வெளிவரும் ஒளிக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை உட்கவர்வு எனப்படும். பீர்–லாம்பர்ட் விதிப்படி அது செறிவு, கலநீளம், பொருளுக்குரிய மோலார் கெழு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன்.

குரோமியம்: ஒரு கணக்கு

அமில ஊடகத்தில் டைபினைல்கார்பசைடுடன் ஆறிணைதிறக் குரோமியம் செவ்வூதா நிறம் தருகிறது. இதனை 540 நானோமீட்டரில் அளப்பர். மோலார் கெழு ஏறத்தாழ 40,000. கழிவுநீரை நிலமேற்பரப்பு நீர்நிலைகளில் விடுவதற்கான எல்லை லிட்டருக்கு 0.1 மி.கி. இச்செறிவில் 1 செ.மீ. கலம் தரும் உட்கவர்வு 0.077 மட்டுமே. கலத்தின்மேல் படிந்த விரல்ரேகைகூட இவ்வளவினைக் குலைத்துவிடும். 5 செ.மீ. கலத்திலோ 0.38 கிடைக்கிறது. நீள்கலத் தாங்கி பொருந்துமா என்பதே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் வினா. அதனைக் கேட்போர் அரியர்.

ஃபுளோரைடும் நுரையும்

ஸ்பாட்ன்ஸ் முறையில் ஃபுளோரைடு, சிர்க்கோனியச் சாயத்தின் நிறத்தை வெளிறச் செய்கிறது. 570 நானோமீட்டரில் உட்கவர்வு குறையக் குறையச் செறிவு கூடுதல் என்று பொருள். இம்முறை லிட்டருக்கு 1.4 மி.கி. வரையே நேர்கோட்டில் செல்லும். இந்தியக் குடிநீர்த் தரம் மாற்று நீராதாரம் இல்லாதவிடத்து ஏற்கும் உச்ச அளவோ 1.5 மி.கி. எனவே இம்மாவட்டத்தின் ஐயத்திற்குரிய மாதிரிகளை நீர்த்த பின்னரே அளக்க வேண்டும். நியமக் கரைசல்களும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருத்தல் இன்றியமையாதது. மாதிரிகள் பல எனில் விளக்கின் ஒளித்தளர்வை ஈடுசெய்யும் இரட்டைக் கற்றைக் கருவி பயன் தரும்.

சலவைப்பொருளை மெத்திலீன் நீலத்துடன் குளோரோபார்மில் பிரித்தெடுத்து 652 நானோமீட்டரில் அளப்பர். இம்மூன்று சோதனைகளுக்கும் புறஊதாக் கதிர் தேவையில்லை. இந்நிறங்களின் பட்டைகள் அகன்றவையாதலால், 1 நானோமீட்டர் பட்டை அகலத்திற்கென மிகுபணம் செலவிடுவதும் வீண்.

புறஊதா தேவைப்படும் இடம்

நைட்ரேட்டை 220 நானோமீட்டரில் நேரடியாக அளக்கலாம். கரைந்துள்ள கரிமப்பொருளும் அங்கு ஒளியை உட்கவர்வதால், 275 நானோமீட்டர் அளவின் இருமடங்கைக் கழிப்பர். இத்திருத்தம் மூல அளவின் 10 விழுக்காட்டை மீறினால் முறை செல்லாது. எனவே தெளிந்த கிணற்று நீருக்கு இம்முறை தகும். கழிவு கலந்த தென்பெண்ணை நீருக்குப் பெரும்பாலும் தகாது.

இவ்வெல்லையில் விளக்கின் ஒளி நலிவதால் தவறொளி, அதாவது தேர்ந்த அலைநீளத்திற்குப் புறம்பாக உணரியை அடையும் ஒளி, பிழையைப் பெருக்கும். 1 விழுக்காடு தவறொளி இருப்பின் மெய்யான 2.0 உட்கவர்வைக் கருவி 1.70 எனக் காட்டும். லிட்டருக்கு 12 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைசலை 1 செ.மீ. குவார்ட்ஸ் கலத்தில் இட்டு, 198 நானோமீட்டரில் உட்கவர்வு 2-ஐ மீறுகிறதா என்பதைக் கருவியைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே சோதித்துப் பதிவு செய்தல் வேண்டும். கண்ணாடிக் கலம் இப்பகுதி ஒளியை விடாது.