உங்களுக்குத் தெரியுமா? உப்பின் வேறுபாட்டிலிருந்தும் மின்சாரம்

ஆற்றுநீரையும் கடல்நீரையும் உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஒரு மெல்லிய சவ்வினால் பிரித்து வைத்தால், உப்பின் வேறுபாடு ஒன்றினாலேயே ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் எழக்கூடும். அவ்வழுத்தத்தால் சுழலியை இயக்கி மின்சாரம் பெறும் முறையை 1970-களில் வகுத்தவர், உவர்நீரைக் குடிநீராக்கும் சவ்வை உருவாக்கிய இருவருள் ஒருவரான வேதிப்பொறியாளர் சிட்னி லோப்.

• லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனுடன் இணைந்து அவர் செய்த செல்லுலோஸ் அசிடேட் சவ்வில், உப்பைத் தடுக்கும் மிக மெல்லிய தோல் ஒருபுறம் மட்டுமே அமைந்திருந்தது. எஞ்சிய பகுதி நுண்துளைகள் நிறைந்ததாக இருந்தமையால், முன்பு சொட்டுச்சொட்டாகக் கசிந்த நன்னீர் பயன்படும் அளவுக்குப் பெருகிற்று.

• 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் இச்சவ்வின் வழியே குடிநீர் பெற்றது.

• பின்னர் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லோப், நன்னீர் தானாகவே சவ்வின் வழியே அழுத்தத்திலுள்ள உப்புநீருக்குள் புகுந்து அதன் அளவைப் பெருக்கச் செய்யும் 'அழுத்தத்தால் மட்டுப்படுத்தப்பட்ட சவ்வூடுபரவல்' என்னும் முறையை முன்வைத்தார்.

• இம்முறையில் மின்சாரம் பெற நார்வேயின் டோஃப்டேயில் 2009-இல் தொடங்கிய மாதிரி நிலையம் நீடிக்கவில்லை. எனினும், ஜப்பானின் ஃபுகுவோக்காவில் 2025-இல் இயங்கத் தொடங்கிய நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கியபின் எஞ்சும் செறிந்த உப்புநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் கொண்டு மின்சாரம் ஆக்குவது, உண்மையிலேயே போற்றத்தக்க முன்னேற்றமாகும்.