சிங்கப்பூர் போறீங்களா? பெட்டியை ஒருமுறை பார்த்துடுங்க

டிக்கெட் போட்டாச்சு, விசாவும் வந்தாச்சு. இனி பெட்டி கட்டும் வேலைதான். "மகள் வீட்டுக்குப் போறீங்க, சும்மாவா போவீங்க?" என்று ஆளுக்கொரு பொட்டலம் திணிப்பார்கள். ஆனால் சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால், உள்ளே இருப்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கட்டிக் கொடுத்தவர் ஊரில் இருப்பார்.

முதலில் புகையிலை. பல நாடுகளில் குறிப்பிட்ட அளவு சிகரெட்டை வரி இல்லாமல் கொண்டு போகலாம். சிங்கப்பூரில் அந்தச் சலுகையே கிடையாது. ஒரே ஒரு சிகரெட் இருந்தாலும் சுங்கத்துறையிடம் சொல்லி வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலையும் இ-சிகரெட்டும் முழுத் தடை. வரி கட்டுகிறேன் என்றாலும் விடமாட்டார்கள். உங்களோடு வரும் பாட்டியின் சுருக்குப்பையையும் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலைத் துண்டு இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கோபப்படுவார், பரவாயில்லை.

அங்கே சூயிங் கம்முக்கும் 1992 முதல் தடை இருக்கிறது. இறைச்சி, அந்நாடு அங்கீகரித்த நாடுகளிலிருந்து வந்தால்தான் அனுமதி. அதனால் மட்டன் தொக்கு டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, சொந்த உபயோகத்துக்கான அளவில் கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்கு, அந்நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பயணத்துக்கு முதல் நாள் விண்ணப்பித்தால் வேலைக்கு ஆகாது.

விமான நிலைய வாசலில் யாராவது, "எங்க அண்ணன் வந்து வாங்கிக்குவாரு, இதை மட்டும் கொண்டு போங்க" என்று பார்சல் நீட்டினால் வாங்காதீர்கள். ஊர்க்காரர் என்று இரக்கப்படவும் வேண்டாம். சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டால் மட்டும் தப்பிவிட முடியாது.

பரிசுப் பொருட்களுக்கும் கணக்கு இருக்கிறது. சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்துவிட்டு வருபவர், 500 சிங்கப்பூர் டாலர் மதிப்புவரை புதுப் பொருட்களை வரி இல்லாமல் கொண்டு வரலாம். அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 9% ஜிஎஸ்டி. நீங்கள் வழக்கமாகப் போட்டிருக்கும் நகை இதில் சேராது. பேத்திக்கு வாங்கிய புதுச் சங்கிலி சேரும். ரசீதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேற்பட்ட ரொக்கம், எந்த நாட்டுப் பணமானாலும், கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். பச்சை வழியில் நுழைந்து பிடிபட்டால் அபராதம் வரும். சந்தேகம் இருந்தாலும் சிவப்பு வழிதான். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

கடைசியாக போனில் செய்யும் வேலை: எஸ்ஜி அரைவல் கார்டு. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்திலோ 'மைஐசிஏ' செயலியிலோ இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் உடனே மூடிவிடுங்கள்.