மூச்சுக் காற்றிலும் பேதமா?

காற்று எல்லோருக்கும் பொதுவானது என்கிறோம். சுத்தமான காற்று அப்படியல்ல. செல்வந்த நாடான அமெரிக்காவே இதற்குச் சான்று.

டீசல் வாகனங்களும் தொழிற்சாலைகளும் கக்கும் புகையில் 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த நுண்துகள்கள் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத இவை நுரையீரலின் அடிவரை சென்று இருதய நோய், பாரிசவாதம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு வழிவகுக்கின்றன.

இந்தப் புகைக்குக் காரணம் யார்? அதைச் சுவாசிப்பவர் யார்? 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. கறுப்பினத்தவர் தமது நுகர்வினால் உண்டாகும் மாசைவிட 56 சதவீதமும், ஹிஸ்பானிய மக்கள் 63 சதவீதமும் அதிகமாகச் சுவாசிக்கின்றனர். வெள்ளையரோ 17 சதவீதம் குறைவாகவே சுவாசிக்கின்றனர். தன் வீட்டுக் குப்பையை அயலவன் வாசலில் கொட்டுவது அநீதி என்றால், இதற்கு என்ன பெயர் சொல்வது?

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1930களில் அரசாங்க வீட்டுக்கடன் நிறுவனமொன்று நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் தயாரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் 'கடன் கொடுக்க ஆபத்தானவை' எனச் சிவப்பு நிறம் பூசப்பட்டன. முதலீடு நின்றது, நிலத்தின் விலை வீழ்ந்தது. பெருந்தெருக்களும் தொழிற்சாலைகளும் அத்தகைய இடங்களையே தேடி வந்தன. 202 நகரங்களை ஆராய்ந்து 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, அன்று சிவப்பிட்ட பகுதிகளில் இன்றும் மாசு அதிகம்.

இதற்குப் பரிகாரம் என்ன? 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தின் பின் நாடு முழுவதும் மாசு பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால், முன்பு மிக மோசமாக இருந்த இடங்களே பின்னரும் மோசமானவையாக இருந்தன. எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறைத்தால் இடைவெளி மறையாது. பாதிக்கப்பட்ட இடத்தை இனங்கண்டு அங்கே குறைக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் ஒக்லண்ட் துறைமுகம் நல்ல உதாரணம். அதன் அருகே கறுப்பினத்தவர் செறிந்து வாழ்ந்தனர். 2010இல் பழைய டீசல் லொறிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும், லொறிகளின் கரித்துகள் வெளியேற்றம் குறுகிய காலத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2017இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், பாதிக்கப்பட்ட ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டே காற்றை அளக்கவும் திட்டம் தீட்டவும் வழிசெய்தது.

எனினும், 1994இல் ஜனாதிபதி கிளின்டன் பிறப்பித்த சுற்றாடல் நீதிக்கான ஆணை, 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்பினால் இரத்துச் செய்யப்பட்டது. ஓர் ஆணையால் கிடைத்ததை இன்னோர் ஆணை பறித்துவிடும். ஆகவே, ஊரில் ஒரு புகைபோக்கி எழும்போதே 'இந்தப் புகை யார் வீட்டுப் பிள்ளைகளைச் சென்றடையும்?' என்று கேட்கும் மக்கள் வேண்டும். அந்தக் கேள்வி எந்த நாட்டுக்கும் பொருந்தும்.