டிராகன் கணக்கில் பற்றாக்குறை!

பி.காம். படித்தவனிடம் டிராகனைக் காட்டினால் என்ன கேட்பான்? 'வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?' என்றுதான்! சிரிக்காதீர்கள் ஸார். கணக்கைப் புரட்டினால்தான் மேற்கத்திய டிராகனுக்கும் சீன டிராகனுக்கும் உள்ள வித்தியாசமே பிடிபடுகிறது.

முதலில் மேற்கு. 'பியோவுல்ஃப்' என்று ஒரு பழைய ஆங்கிலக் காவியம். அதன் கையெழுத்துப் பிரதிக்கே வயசு சுமார் ஆயிரம். அதில் வரும் டிராகன் 300 வருஷமாக ஒரு புதையல்மேல் படுத்திருக்கிறது. விற்காது, வட்டிக்கு விடாது... சும்மா காவல்! ஒரு நாள் எவனோ உள்ளே புகுந்து ஒரே ஒரு கோப்பையை லவட்டிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான்... ஊரையே கொளுத்திவிட்டது. கிழ ராஜா பியோவுல்ஃப் ஓர் இளைஞனின் துணையோடு அதைக் கொன்றார். அவரும் போய்ச் சேர்ந்தார். புதையல்? அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். நிகர லாபம் பூஜ்யம்! 1937-ல் டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' நாவலிலும், ஸ்மாக் என்ற டிராகன் கொதித்தெழுவது ஒரு கோப்பை காணாமல் போனதற்காகத்தான்.

இப்போது சீனாவுக்கு வாருங்கள். அங்கே டிராகனுக்குப் பெயர் 'லூங்'. நெருப்பு இல்லை, தண்ணீர்தான் இலாகா. மழை, ஆறு, கடல் எல்லாம் அவர் பொறுப்பு. கவனித்தீர்களா, மேற்கில் 'அது', இங்கே 'அவர்'! சக்கரவர்த்தியின் சின்னமே ஐந்து நகம் கொண்ட டிராகன்தானே!

ஆனால், அவருக்கும் மேலதிகாரி உண்டு. 'மேற்குப் பயணம்' என்ற 16-ஆம் நூற்றாண்டு நாவலில் ஒரு கதை. ஜிங் ஆற்று டிராகன் ராஜா ஒரு ஜோசியரோடு பந்தயம் கட்டினார். 'நாளைக்கு மழை 3 அடி, 3 அங்குலம், 48 துளி' என்றார் ஜோசியர். வானுலகத்திலிருந்து உத்தரவும் அச்சு அசலாக அப்படியே வந்தது. விடுவாரா ராஜா? ஜோசியரைத் தோற்கடிக்க, நேரத்தை மாற்றி, 3 அங்குலமும் 8 துளியும் குறைத்துப் பெய்தார். தண்டனை? சிரச்சேதம்!

ஆக, மேற்கத்திய டிராகன் பதுக்கல்காரன். சீன டிராகன் அரசாங்க அதிகாரி. ஜனங்களுக்குச் சேர வேண்டியதில் எட்டுத் துளி குறைந்தாலும் தலை போய்விடும்!

இந்த இருவரையும் ஒரே ஆங்கிலப் பெயரில் கூப்பிட்டால் வம்புதானே? அதனால்தான் 2024-ல் டிராகன் வருஷம் பிறந்தபோது, சீன அரசு ஊடகங்கள் ஆங்கிலத்திலும் 'லூங்' என்றே எழுத ஆரம்பித்தன. புத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் நம்ம நாகராஜாவுக்குப் போட்ட சொல்லும் இதே லூங்தான். ஒரு வகையில் சொந்தக்காரர்!

எனவே, மேற்கத்திய டிராகனைப் பார்த்தால் வாளை எடுங்கள். சீன டிராகனைப் பார்த்தால்... குடையை எடுங்கள்!